சோல்ன்ஹோஃபன் தட்டான்: பெயின்டைக் கழற்றிப் பெயர் கண்டது

பழைய ஃபாசில் சேகரிப்புகள் கைமாறும் ஒரு சந்தையில் இந்தக் கல்லை வாங்கினேன். விரித்த கையளவு வெளிர் மஞ்சள் சுண்ணாம்புப் பலகை. நடுவில் குறுக்காக உடைந்து, ஒட்டிய இடத்தில் அரை மில்லிமீட்டர் படி விழுந்திருந்தது. அதில் நான்கு சிறகும் விரிந்த ஒரு பூச்சி. சிறகு நரம்புகள் எடுப்பாகத் தெரியட்டும் என்று யாரோ அவற்றின் மேல் பழுப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். இந்த இரண்டு குறையும் சேர்ந்துதான் விலையை என் கைக்கு எட்டும்படி செய்தன. கூட வந்த சீட்டில் 'பூச்சி, ஜுராசிக், பவேரியா' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

என்ன பூச்சி என்று தெரிய வேண்டும், முடிந்தால் பேரினம் வரைக்கும். ஆனால் அதற்கு முன்னால் சீட்டில் உள்ள மற்ற இரண்டு சொல்லையும் நம்பலாமா என்று பார்த்தாக வேண்டும்.

கல் எந்த ஊர்?

வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் பூச்சி என்றால் சந்தையில் இரண்டு ஊர்கள் குழம்பும். ஒன்று தெற்கு ஜெர்மனியில் ஆல்ட்ம்யூல் ஆற்றை ஒட்டிய சோல்ன்ஹோஃபன், ஐக்ஸ்டேட் வட்டாரம். அங்குள்ள கல்லுக்கு வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு. ஜுராசிக்கின் கடைசிப் பகுதி. இன்னொன்று பிரேசிலின் வடகிழக்கில் அராரிப்பே பகுதியில் கிடைக்கும் க்ராட்டோ கல். அது கிரெட்டேசியஸ், 11 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். இரண்டிலும் தட்டான்கள் உண்டு, இரண்டும் தகடு தகடாகப் பிளக்கும். சீட்டு தொலைந்துபோன கல்லை ஒரு பார்வையில் பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இது வெறும் வயதுக் கணக்கு மட்டும் இல்லை. பிரேசிலில் 1942-ல் வந்த ஆணைப்படி புதைபடிவங்கள் அரசுக்குச் சொந்தம், விற்கக் கூடாது. 2023-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலிருந்து உபிரஜாரா என்ற சிறிய டைனோசர் பிரேசிலுக்குத் திரும்பியது அந்தப் பின்னணியில்தான். என் கல் க்ராட்டோ என்று தெரிந்திருந்தால் பூச்சிக்குப் பெயர் தேடும் வேலை அங்கேயே நின்று, கல்லைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியிருக்கும்.

முதலில் முன்பக்கம். க்ராட்டோ பூச்சிகள் பெரும்பாலும் இரும்புத் தாதாக மாறிச் செம்பழுப்பு நிறத்தில், உடம்பு புடைத்து இருக்கும். என் பூச்சியில் மை படாத இடங்களில் நிறமே இல்லை, லேசான பள்ளம் மட்டும்தான். இது சோல்ன்ஹோஃபன் பக்கம் சாய்கிறது, ஆனால் போதாது. ஓரத்தில் கறுப்பாகக் கிளை கிளையாகப் படர்ந்த கோலம் ஒன்று இருந்தது. பார்ப்பவர்கள் அதைச் செடி என்பார்கள். உண்மையில் விரிசல் வழியே ஊறிய நீரில் வந்த மாங்கனீசும் இரும்பும் படிந்த டென்ட்ரைட். சோல்ன்ஹோஃபன் கற்களில் ஏராளம் என்றாலும் வேறு ஊர்க் கல்லிலும் வரும். அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

சாட்சி கல்லின் பின்பக்கம் இருந்தது. மூலையில் விரல்நகம் அளவுக்கு ஏதோ சுருண்டு கிடந்தது. லென்ஸில் பார்த்தால் நடுவில் குட்டிக் கிண்ணம், அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கைகள், நுனிகள் உள்நோக்கிச் சுருண்டவை. கல்லைச் சாய்த்தபோது அந்தக் கைகளில் ஓரிடம் மினுக்கென்று ஒளியைத் திருப்பியது. சந்தேகமே இல்லை, சாக்கோகோமா. தண்டில்லாத சிறிய கடல் அல்லி இது. நட்சத்திர மீனுக்கு உறவு. ஐக்ஸ்டேட் அருகே ப்ளூமென்பெர்க்கில் பொதுமக்கள் கல் பிளக்கத் திறந்துவிட்டிருக்கும் குவாரியில் ஒரு நாள் சுத்தியலோடு உட்கார்ந்தால் வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் இது கிடைக்கும். முதல்முறை வருகிறவர்கள் 'சிலந்தி, சிலந்தி' என்று கூவுவது இதைப் பார்த்துத்தான். பிரித்தறிய அந்த மினுக்கே போதும். இந்தக் குடும்பத்து உயிர்களின் ஓட்டுத் துண்டுகள் கால்சைட் படிகங்கள், உடைந்த முகம் பளபளக்கும். பூச்சியும் சிலந்தியும் அப்படிப் பளபளக்காது.

க்ராட்டோவில் கடல் அல்லி கிடையாது. பவேரியாவும் ஜுராசிக்கும் அதோடு உறுதி. சீட்டு எழுதியவருக்கு மனதுக்குள் ஒரு நன்றி.

எது நரம்பு, எது மை?

சரி, அடுத்து பூச்சி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபாசில் பூச்சியை இனங்காணப் பலரும் செய்வது, படத்தை எடுத்துக்கொண்டு இணையத்தில் ஒத்த படம் தேடுவது. மை பூசிய கல்லில் அது ஆகவே ஆகாது. நாம் ஒப்பிடுவது 15 கோடி ஆண்டுப் பூச்சியை அல்ல, அதன் மேல் கோடு போட்ட மனிதரின் கற்பனையை. அவர் எந்தப் பூச்சியை மனதில் வைத்திருந்தாரோ அதைத்தான் தேடிக் கண்டுபிடிப்போம்.

நல்ல வேளையாக, தட்டான் சிறகு தட்டையானது இல்லை. மடித்துப் பிரித்த காகித விசிறி மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். முன்விளிம்பு நரம்பு மேடு, அடுத்து வரும் சப்கோஸ்டா பள்ளம், அதற்கடுத்த ரேடியஸ் மேடு, இப்படி மாறி மாறிப் போகும். கல்லில் அச்சு விழும்போது இந்த மேடு பள்ளமும் கூடவே விழுகிறது. ஆக உண்மையான நீள நரம்பு என்றால் அங்கே கல் ஒன்று உயர்ந்திருக்கும், அல்லது தாழ்ந்திருக்கும். மைக்கோடு மட்டும் என்றால் கல் சமமாக இருக்கும்.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். அறையை இருட்டாக்கி, ஒரு எல்இடி டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்கே இறக்கி, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகும்படி வைத்தேன். மொபைலை ஸ்டாண்டில் மாட்டி அசையாமல் வைத்து, டார்ச்சை மட்டும் நான்கு திசைக்கும் நகர்த்திப் படம் எடுத்தேன். திசையை மாற்றுவது முக்கியம். வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் நரம்புக்கு நிழல் விழாது, அந்தப் படத்தில் அது காணாமல் போய்விடும்.

ஒரு கண்கட்டு வித்தையையும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் மேல் இடதிலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். டார்ச் கீழே இருந்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்திலும் டார்ச் இருந்த பக்கத்தை அம்புக்குறியாகக் குறித்து வைத்தேன். ரேடியஸ் என் கல்லில் மேடாக இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாக இருந்தது, சப்கோஸ்டா மேடாக இருந்தது. எல்லாமே ஒரே சீராகத் தலைகீழ். சிறகின் மேற்பக்கம் பதிந்த அச்சாக இருக்கலாம், அல்லது அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் கவலையில்லை. சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி; சீராக இருந்தால் உண்மையான சிறகு.

பிறகு புற ஊதா. 365 நானோமீட்டர் டார்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சோல்ன்ஹோஃபன் மீன்களும் இறால்களும் இந்த வெளிச்சத்தில் பிரமாதமாக ஒளிரும். அவற்றில் பாஸ்பேட் இருக்கிறது. வெறும் அச்சாக இருக்கும் பூச்சிகளிடம் அந்த விளையாட்டைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நான் பார்க்க விரும்பியது பூச்சியை அல்ல, பூசியவரின் கைவேலையை. நரம்புக் கோடுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன: ஷெல்லாக், அதாவது நம் ஊர் அரக்கில் கரைத்த நிறம். உடைந்த இடத்தில் நீலம் கலந்த வெள்ளை: பழைய விலங்குப் பசை, தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம். இரண்டுமே பழங்காலத்துப் பொருள்கள். இது எனக்குப் பெரிய ஆறுதல். இரண்டையும் திரும்ப எடுக்க முடியும். எபாக்சி போட்டிருந்தால் கல்லை அப்படியே சுவரில் மாட்டியிருப்பேன்.

கழற்றுவது

சோல்ன்ஹோஃபன் கல் கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். எனவே வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் கழுவும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அமிலம் பட்டால் நரம்பு இருந்த அந்த மெல்லிய மேல்தோல்தான் முதலில் கரையும்.

முதலில் ஒட்டைப் பிரித்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பின்பக்கத்து விரிசல் மேல் பட்டையாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டும். வஜ்ஜிரம் ஊறி இளகும். பஞ்சை மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு கட்டத்தில் கல் தானாகவே இரண்டாக வந்தது. நெம்பவே கூடாது. உடைந்த விளிம்புகளில் ஒட்டியிருந்த பசையை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தேன். படி விழுந்ததற்குக் காரணமும் அப்போது தெரிந்தது. பசைக்கு நடுவே ஒரு கல் துணுக்கு சிக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மைக்குத் தண்ணீர் உதவாது, எத்தனால். மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமானது, சாயம் கலக்காதது. பூச்சிகளைத் தெளிவாகப் படமெடுக்கக் கல்லை ஆல்கஹாலில் நனைக்கும் வழக்கம் உண்டு. இந்தக் கல்லில் அதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் மை இளகிச் சிறகு முழுக்கப் பரவியிருக்கும். எனவே பழைய கல் கைக்கு வந்தால் புற ஊதாவில் பார்க்கும் வரை எதையும் ஊற்றாமல் இருப்பது நல்லது.

பல்குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி, எத்தனாலில் தோய்த்து, டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, மைக்கோட்டின் மேல் உருட்ட வேண்டும். தேய்த்தால் நிறம் கல்லின் துளைக்குள் இறங்கிவிடும். உருட்டினால் பஞ்சுக்கு வந்துவிடும். சிறகின் ஓரத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒரு மூலையில் முதலில் சோதித்தேன். பஞ்சு பழுப்பாகிக் கல் வெளுத்தது, கீழே நரம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் மையப் பகுதிக்குப் போனேன். இருபது மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ், ஒரு நேரத்துக்கு ஒரு நகம் அளவு இடம். வயதான ஷெல்லாக் சில இடங்களில் முரண்டு பிடித்தது. அங்கே நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்திருந்து, பிறகு உருட்டினேன்.

தட்டானா, வேறு ஏதாவதா?

சீட்டில் 'பூச்சி' என்று மட்டும் எழுதி நிறுத்தியதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். தலைக்கு முன்னால் இரண்டு நீளமான மெல்லிய கோடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்தவுடன் உணர்கொம்பு என்றுதான் தோன்றும். தட்டானுக்கோ உணர்கொம்பு மயிரிழை போல் மிகச் சிறியது, இருப்பதே தெரியாது. நீண்ட கொம்பு என்றால் வலைச்சிறகிப் பூச்சிகளை, அதாவது எறும்புச்சிங்கத்தின் உறவினர்களைச் சந்தேகிக்க வேண்டும். சோல்ன்ஹோஃபனில் அந்த வரிசையும் உண்டு. 1904-ல் விவரிக்கப்பட்ட கல்லிக்ராம்மா என்ற பெரிய பூச்சி, சிறகில் வண்ணத்துப்பூச்சிபோல் கண்புள்ளி கொண்டது, அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதைத் தீர்த்தது சிறகின் முன்விளிம்பு. வலைச்சிறகிகளில் நீள நரம்புகள் சிறகு விளிம்பை நெருங்கும்போது கவை கவையாகப் பிரியும். என் கல்லில் அப்படி எதுவும் இல்லை. மாறாக, முன்விளிம்பின் நடுவாக்கில், தெளிவாக, ஒரு கணு. சப்கோஸ்டா வந்து விளிம்பில் முடியும் இடத்தில் ஒரு குறுக்குக் கட்டு. அந்த இடத்தில் சிறகு விளிம்பே லேசாக வளைகிறது. நுனிக்குப் பக்கத்தில் நீள்சதுரப் பொட்டு ஒன்று. கணுவும் பொட்டும் இந்தக் கோலத்தில் சேர்ந்து இருந்தால் தட்டான் கூட்டம், வேறு பேச்சில்லை.

அப்படியானால் அந்தக் 'கொம்புகள்' என்ன? மையைத் துடைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பின்தொடர்ந்தால், கோடு தலையில் தொடங்கவே இல்லை. தலையின் ஓரமாகக் கடந்து பின்னால் மார்புக்கு அடியில் போகிறது. மை பூசியவர்தான் தலையருகே அதை வெட்டிவிட்டிருக்கிறார். நடுவில் ஓரிடத்தில் முட்டிபோல் மடங்குகிறது. அதற்குப் பிறகு மெலிந்து, நீண்ட பாதம். ஆக, முன்னோக்கி நீட்டிய கால்கள். தட்டானுக்குக் கால் இவ்வளவு நீளமா என்று அப்போது ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியில் அது கைகொடுத்தது.

நரம்புக்குப் பெயர் போடுவது

ஃபாசில் சிறகைப் படிக்கும் முன் உயிரோடு இருக்கும் இனத்தின் சிறகை ஒன்றுக்கு இரண்டு முறை வரைந்து பார்த்தால் பாதி வேலை குறையும். நான் இருக்கும் ஜெர்மனியில் தட்டான்கள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்துக் கிடப்பதைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. எனவே விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது வாசல் டியூப்லைட் அடியில் கிடந்த ஒன்றை அங்கேயே ஸ்கேனரில் வைத்து எடுத்த கோப்புதான் எனக்குப் பாடப்புத்தகம். மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்குமே, அந்த மஞ்சள் தட்டான், பாண்டாலா ஃப்ளாவசென்ஸ்.

பெயர் போடுவதில் ஒரு தலைவலி உண்டு. காம்ஸ்டாக், நீடம் இருவரும் 1898-99 வாக்கில் எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான நரம்புப் பெயர்களைக் கொண்டுவந்தார்கள்: கோஸ்டா, சப்கோஸ்டா, ரேடியஸ், மீடியா, க்யூபிட்டஸ், ஏனல். தட்டான் விஷயத்தில் எது ரேடியஸின் கிளை, எது மீடியாவின் கிளை என்று பிறகு சண்டை வந்தது. 1984-ல் ரீக், குக்கலோவா-பெக் இருவரும் மேடு பள்ளத்தை அடிப்படையாக வைத்து மாற்றியமைத்தார்கள். இப்போதைய ஃபாசில் கட்டுரைகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. பழைய நூலையும் புதிய கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே நரம்புக்கு இரண்டு பெயர் வரும். பெயர்களை ஒருபுறமும் 'மேடு', 'பள்ளம்' என்பதை மறுபுறமும் போட்டு ஒரு அட்டவணை எழுதி மைக்ரோஸ்கோப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். இப்போதும் அதைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் நான்கு திசைப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்தேன். இரண்டு படத்திலாவது மேடோ பள்ளமோ தெரிந்த நரம்புக்குக் கறுப்பு. ஒரே படத்தில் தெரிந்ததற்குச் சிவப்பு. மை மட்டும் இருந்து கல் சமமாக இருந்த இடத்துக்கு நீலப் புள்ளிக்கோடு. வரைந்து முடித்தபோது நீலம் எதிர்பார்த்ததைவிட அதிகம். சிறகு நுனிகளில் உள்ள சின்னச் சின்னக் கட்டங்களில் பெரும்பகுதி அவர் கைவண்ணம்தான். அழகாகப் போட்டிருந்தார், அதை மறுக்க முடியாது.

அடிப்பக்கத்துக் கட்டம்

தட்டான் இனங்காணலில் எல்லாரும் முதலில் பார்க்கும் இடம் சிறகு உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு கட்டம். இன்றைய தட்டான்களில் அது முக்கோணமும் அதன் மேல் ஒரு நீள் கட்டமுமாகப் பிரிந்திருக்கும். பாண்டாலாவில் முன்சிறகு முக்கோணம் குறுக்காகவும், பின்சிறகு முக்கோணம் நீளவாக்கிலும் கிடக்கும். ஊசித்தட்டானில் முக்கோணம் இல்லை. பிரியாத நாற்கோணம் ஒன்று, நான்கு பக்கமும் மூடியிருக்கும்.

என் கல்லில் மை காட்டியது மூடிய நாற்கோணம். அதாவது ஊசித்தட்டான் சிறகு. உடலோ ஊசித்தட்டானுக்குரிய ஊசி உடலாக இல்லை, நல்ல தடிமன். சிறகு ஒரு கட்சி, உடல் ஒரு கட்சி என்று இருந்தது. ஜுராசிக்கில் இதில் ஆச்சரியம் இல்லை, அப்படிப்பட்ட கலவைத் தட்டான்கள் அன்றைக்கு நிறைய. இன்று அந்தத் தோற்றத்தோடு மிஞ்சியிருப்பது எபியோஃப்ளீபியா என்ற ஒரே பேரினம். நம் பக்கத்தில் நேபாளம், டார்ஜிலிங் பகுதி இமயமலை ஓடைகளில் வாழ்கிறது, ஜப்பானிலும் உண்டு. சோல்ன்ஹோஃபன் கலவைகளில் ஸ்டெனோஃப்ளீபியா, ஐசோஃப்ளீபியா, தார்சோஃப்ளீபியா என்று பல பெயர்கள் இருக்கின்றன. எது என்று கேட்டால் அந்தக் கட்டத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

இடது முன்சிறகின் அடியில் மையை எடுத்தேன். மேல் சுவர் வந்தது: மெல்லிய, தெளிவான பள்ளம். கீழ்ச் சுவர் வந்தது. நுனிப் பக்கத்துச் சுவரும் வந்தது, கூர்மையான மூலையோடு. உடலை நோக்கிய நான்காவது சுவர் மட்டும் பஞ்சோடு போய்விட்டது. மை போன இடத்தில் வெறும் கல். டார்ச்சை நான்கு பக்கமும், பிறகு மூலைக்கு மூலையும் நகர்த்திப் பார்த்தேன். நரம்புகளுக்கு இடையே உள்ள சவ்வின் சொரசொரப்புதான் கட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தடையில்லாமல் ஓடியது. ஒரு மயிரிழை அகலத்துக்குக்கூட மேடு பள்ளம் இல்லை. அந்தப் பக்கம் கட்டம் திறந்தே இருந்திருக்கிறது. மை பூசியவர் தட்டான் சிறகைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். திறந்த கட்டம் அவர் கண்ணுக்கு உடைந்துபோன கட்டமாகத் தெரிந்திருக்கும், ஒரு கோடு போட்டு மூடிவிட்டார்.

முன்சிறகு மட்டும் திறந்திருந்தால் முடிவு சொல்ல முடியாது. ஐசோஃப்ளீபியா கூட்டத்தில் முன்சிறகுக் கட்டம் திறந்து பின்சிறகுக் கட்டம் மூடியிருப்பதுண்டு. வலது பின்சிறகின் அடி சரியாக உடைந்த விளிம்பில் விழுந்து சிதைந்துவிட்டது. இடது பின்சிறகு முழுசாக இருந்தது, நல்லவேளை. அங்கேயும் அதே கதை: மூன்று சுவர் கல்லில், நான்காவது மையில்.

முன்சிறகு, பின்சிறகு இரண்டிலும் இந்தக் கட்டம் அடியில் திறந்திருப்பது தார்சோஃப்ளீபியா குடும்பத்தின் முக்கிய அடையாளம். இன்னொரு அடையாளம் என்ன தெரியுமா? மிக நீளமான கால்களும் பாதங்களும். கொம்பு என்று எல்லாரையும் குழப்பிய அந்தக் கோடுகள். அளவும் ஒத்துப்போகிறது. முன்சிறகு 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சோல்ன்ஹோஃபனில் அடிக்கடி கிடைக்கும் பெரிய தட்டானான சைமட்டோஃப்ளீபியாவின் சிறகு இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் நரம்பு ஒன்று அலையலையாக நெளிந்து ஓடும். என் கல்லில் அந்த நெளிவும் இல்லை.

இந்தப் பூச்சியை முதலில் விவரித்தவர் ஹெர்மன் ஹாகன். கோனிக்ஸ்பெர்க்கில் மருத்துவராக இருந்து, பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனவர். 1862-ல் எக்ஸிமியா என்ற இனப்பெயரைத் தந்தார், 1866-ல் தார்சோஃப்ளீபியா என்ற பேரினத்தை அமைத்தார். இன்றுள்ள தட்டான், ஊசித்தட்டான் இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்பே தனியாகப் போன பக்கக் கிளை என்றுதான் இப்போது பெரும்பாலும் இதை வைக்கிறார்கள்.

இனம் வரைக்கும் நான் போகவில்லை. ஆண் என்றால் வயிற்று நுனியில் துடுப்பு போன்ற உறுப்புகள் இருக்க வேண்டும், பெண் என்றால் பெரிய முட்டையிடு குழல். என் கல்லில் வயிற்று நுனி இருந்த இடம் சில்லாகப் பெயர்ந்து போயிருக்கிறது. சிறகு நுனிக் கட்டங்கள் பாதிக்கு மேல் மை. எனவே 'தார்சோஃப்ளீபியா, எக்ஸிமியாவை ஒத்தது' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வரைபடத்தை ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது, வரைபடம் வேண்டாம், கோடு போடாத நான்கு படங்களையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். கோடு போட்ட கல்லோடு இவ்வளவு மல்லுக்கட்டிய பிறகு அந்தப் பதிலில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. படங்களைப் பார்த்துவிட்டுக் குடும்பம் சரி என்றார்கள்.

திரும்ப ஒட்டுவது

பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கெட்டியாகக் கரைத்து ஒட்டினேன். அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது, நாளைக்கு வேறு யாராவது பிரிக்க நினைத்தால் அசிட்டோன் போதும். உலர்ந்த நிலையில் பலமுறை பொருத்திப் பார்த்து, விரலால் தடவிப் படி தட்டவில்லை என்று தெரிந்த பிறகே பசை. விளிம்பின் நடுவில் மட்டும் மெல்லியதாக வைத்தால் முன்பக்கம் பிதுங்காது. மணல் நிரப்பிய தட்டில் கல்லைச் சாய்த்து நிறுத்தி, மேல் பாதியின் எடையே அழுத்தும்படி விட்டுவிட்டேன். பெயர்ந்த இடங்களில் எதையும் நிரப்பவில்லை.

புதுச் சீட்டில் பெயர், அளவு, பின்பக்கத்துச் சாக்கோகோமா, எடுத்த மை, போட்ட பசை எல்லாம் எழுதி, பழைய சீட்டையும் அதே உறையில் வைத்திருக்கிறேன். மை இருந்தபோது எடுத்த படங்களும் கூடவே. வலதுபக்கச் சிறகுகளின் நுனியில் மட்டும் மையைத் தொடவில்லை. அதன் கீழே எந்த வெளிச்சத்திலும் பள்ளம் தெரியவில்லை, எடுத்தால் கிடைப்பது வெறும் கல். தவிர, அவர் எப்படிப் பூசியிருந்தார் என்பதற்கும் ஒரு மாதிரி மிஞ்சட்டும். அடுத்து கால்களைப் புற ஊதாவில் ஃபில்டர் போட்டுப் படமெடுக்க வேண்டும், பாதத்தின் கணுக்கள் எண்ணும்படி தெரிகிறதா என்று பார்க்க. ஃபில்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று.